இரக்கமும் நீதியும்: ஓய்வுபெற்ற படைவீரரின் மருத்துவ வரலாறு

நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராகத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1886ஆம் ஆண்டில் புனிதர் இருவரை அறிவித்தார். ஒருவர் இறைவனின் புனித யோவான், மற்றவர் புனித கமில்லஸ் தெ லெல்லிஸ். இவ்விருவருமே படைப்பணியிலிருந்து திரும்பியவர்கள் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. கமில்லஸ் வெனிசு நாட்டுப் படையில் இருந்தவர். ஆறாத கால்புண்ணோடு உரோமையில் தீரா நோயாளர் மருத்துவமனையை நாடி வந்தவர். யோவானோ பேரரசர் ஐந்தாம் சார்லசின் படையில் பணியாற்றிய பின், கிரனாதா நகர அரசு மருத்துவமனையில் அடைக்கப்பட்டு அடிபட்டவர். நோயாளரை எவ்வாறு நடத்தலாகாது என்பதைத் தம் உடலிலேயே கற்றுக்கொண்ட இவர்கள், எவ்வாறு நடத்த வேண்டும் என்பதை உலகுக்குக் காட்டினார்கள்.

இப்புனிதர்களின் வாழ்வு பழைய கேள்வியொன்றை நம்முன் வைக்கிறது. நாட்டுக்காகத் தன் இளமையைக் கொடுத்தவன் முதுமையில் நோயுற்றால் யார் வாசலுக்குப் போவான்? அவ்வாசலில் அவனுக்குக் கிடைப்பது இரக்கமா, உரிமையா?

இக்கேள்வி நம் பகுதிக்கு அயலானது அன்று. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகின்றன. அத்தொழிற்சாலைகளின் வாயில்களில் நிமிர்ந்து நின்று வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளும் காவலர்களுள் முன்னாள் படைவீரர் பலர். வேலூர், திருவண்ணாமலை எனப் பல ஊர்களிலிருந்து இங்குக் குடியேறியவர்களும் அவர்களுள் உண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்கள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஃபாதர், கார்டு இருக்கிறது, எங்கே காட்டுவது?" இக்கேள்விக்கு விடை காண வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது நலம்.

கோட்டைக்குள் பிறந்த மருத்துவமனை

இன்று இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை என வழங்கும் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி, 1664ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற படைவீரருக்காகவே அது தொடங்கப்பட்டது. 1772இல் இப்போதைய இடத்துக்கு மாறிற்று. இந்நாட்டு மக்களுக்கு அதன் கதவு திறந்தது 1842ஆம் ஆண்டில்தான். ஆக, நம் ஏழைகள் இன்று நாடிச் செல்லும் அம்மாபெரும் நிலையத்தின் முதல் நோயாளி ஒரு சிப்பாய் என்பதை நாம் மறத்தலாகாது.

ஐரோப்பாவிலும் அக்காலத்தில் இச்சிந்தனை வளர்ந்தது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி 1670இல் பாரீசில் ஊனமுற்ற வீரர்களுக்கென ஒரு மாளிகையை நிறுவ ஆணையிட்டார். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசு 1682இல் இலண்டன் செல்சியில் அத்தகைய இல்லமொன்றைத் தொடங்கினார். மன்னர் மனம் வைத்தால் வீரனுக்குப் படுக்கை, மனம் வைக்காவிட்டால் தெருவோரம். கொடை பெரிதாயினும் அது கொடையே.

இந்தியாவில் 1770ஆம் ஆண்டில் தோன்றிய கிளைவ் நிதியும் இத்தகையதே. வங்காள நவாபு மீர் ஜாபர் விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து இராபர்ட் கிளைவ் ஏற்படுத்திய அந்நிதி, கம்பெனியின் ஊனமுற்ற ஐரோப்பியப் படையினருக்கு உதவிற்று. நம் மண்ணின் சிப்பாய்கள் அதன் எல்லைக்கு அப்பால் நின்றார்கள்.

அச்சிப்பாய்கள் குருதி சிந்திய களங்களுள் ஒன்று நம் பகுதிக்கு மிக அண்மையில் உள்ளது. காஞ்சிபுரத்துக்கு வடக்கேயுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10ஆம் நாள் ஐதர் அலி, திப்பு ஆகியோரின் படைகள் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தன. பெய்லி சிறைப்பட்டு, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். அவர் பெயர் வரலாற்று நூல்களில் நிலைத்துவிட்டது. அவரோடு அக்களத்தில் விழுந்த தமிழ்ச் சிப்பாய்களையும், கை கால் இழந்து ஊர் திரும்பியோரையும் பெயர் சொல்லி நினைப்பார் இல்லை.

வாரியமும் கொடிநாளும்

முதல் உலகப் போர் நிலைமையை ஓரளவு மாற்றிற்று. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் கடல் கடந்து போரிட்ட பின், அவர்களை மறப்பது எளிதாக இல்லை. ஊனமுற்ற வீரருக்குத் தொழில் கற்பிக்கும் அரசி மேரி தொழில் நிலையம் 1917இல் தொடங்கப்பட்டது. இந்தியப் படைவீரர் வாரியம் 1919இல் அமைந்தது. அதன் வழிவந்ததே இன்று தில்லியில் உள்ள மத்திய சைனிக் வாரியம். மாநிலத்திலும் மாவட்டங்களிலும் அதற்குத் துணை அலுவலகங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் அவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என வழங்கும். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், பூனாவில் செயற்கை உறுப்பு மையம் எழுந்தது. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் பள்ளிக் குழந்தைகள் உண்டியலில் காசு போட்டுச் சட்டையில் குத்திக்கொள்ளும் அச்சிறு கொடி இவ்வாறு வந்ததே.

எனினும் மருத்துவம் என்று வந்தால் ஓய்வூதியர் நிலை உறுதியற்றதாகவே இருந்தது. இராணுவ மருத்துவமனைகள் பணியில் உள்ளோருக்காக அமைந்தவை. ஓய்வு பெற்றவருக்குப் படுக்கை காலியாக இருந்தால் இடம் கிடைக்கும். பரங்கிமலைப் பகுதியிலுள்ள இராணுவ மருத்துவமனையோ, நீலகிரி வெலிங்டனில் உள்ளதோ, தொலைதூரச் சிற்றூரில் வாழும் முதியவருக்கு எட்டாதவை. இருதய அறுவை போன்ற பெருஞ்செலவுகளுக்குத் தரைப்படையின் குழுக் காப்பீட்டு நிதியம் ஓரளவு கைகொடுத்தது. மற்றபடி, மத்திய அரசின் குடிமைப் பணியாளருக்கு 1954 முதல் இருந்துவந்த மருத்துவத் திட்டத்தைப் போன்றதொன்று, எல்லையைக் காத்தவருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் வாய்க்கவில்லை.

2003ஆம் ஆண்டின் திருப்பம்

2002 டிசம்பர் 30இல் மத்திய அரசு பிறப்பித்த ஆணையின்படி, 2003 ஏப்ரல் 1ஆம் நாள் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மக்கள் வழக்கில் இது இ.சி.எச்.எஸ். எனப்படும். இதன் அமைப்பைப் படிப்படியாகக் காண்போம்.

உச்சியில் பாதுகாப்பு அமைச்சகம் உள்ளது. அதனுள் முன்னாள் படைவீரர் நலனுக்கென்றே 2004இல் ஒரு தனித்துறை உருவாயிற்று. தில்லியில் திட்டத்தின் மைய அமைப்பு இயங்குகிறது. அதன்கீழ் நாடெங்கும் வட்டார மையங்கள் உள்ளன. சென்னையில் உள்ளது அவற்றுள் ஒன்று. அடிநிலையில் நிற்பவை பாலிகிளினிக்குகள். முதலில் 227 பாலிகிளினிக்குகளுக்கு அனுமதி கிடைத்தது. அவற்றுள் 104 படைமுகாம் உள்ள ஊர்களிலும், 123 முகாம் இல்லாத ஊர்களிலும் அமைய வேண்டியவை. 2010இல் மேலும் 199 சேர்க்கப்பட்டன. அப்பகுதியில் வாழும் முன்னாள் படைவீரரின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவை வகை பிரிக்கப்படுகின்றன. 20,000 பேருக்கு மேல் இருந்தால் முதல் வகை. எண்ணிக்கை குறையக் குறைய மருத்துவரும் பணியாளரும் குறைவர். அருகிலுள்ள படைத்தளத்தின் தலைமையகம் அவற்றை மேற்பார்வையிடுகிறது. மருத்துவரும் செவிலியரும் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றுகின்றனர்.

நோயாளர் முதலில் வர வேண்டியது பாலிகிளினிக்குக்கே. அங்கு மருத்துவர் பார்க்கிறார், மருந்து தருகிறார். மேல் சிகிச்சை தேவையெனில் பரிந்துரைச் சீட்டு எழுதுகிறார். அச்சீட்டோடு இராணுவ மருத்துவமனைக்கோ, திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைக்கோ செல்லலாம். அங்கு நோயாளர் பணம் கட்ட வேண்டுவதில்லை. மருத்துவமனை அரசிடமிருந்து பெற்றுக்கொள்ளும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எம்மருத்துவமனையிலும் சேரலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்த ஒரு விதியை அறியாமையால் பெருங்கடனில் விழுந்த குடும்பங்கள் உண்டு.

உறுப்பினர் கட்டணம் வாழ்நாளில் ஒரே முறைதான். 2017 டிசம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, அவில்தார் நிலை வரையுள்ளோருக்கு 30,000 ரூபாய், சுபேதார் நிலையினருக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996 சனவரி 1ஆம் நாளுக்கு முன் ஓய்வு பெற்றோரும் போரில் உயிர்நீத்தோரின் மனைவியரும் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. படிகள் வேறாயினும் பாலிகிளினிக்கின் வாசல் ஒன்றே. மனைவி, திருமணமாகாத மகள், 25 வயது வரை வருவாயற்ற மகன், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோரும் இதில் அடங்குவர்.

அமெரிக்க நாடு 1930இல் முன்னாள் வீரருக்கெனத் தனி நிருவாகம் அமைத்து, அரசுக்கே சொந்தமான மருத்துவமனைகளை வட்டாரம் வட்டாரமாக நடத்துகிறது. பிரித்தானியாவில் 1948இல் எழுந்த பொது மருத்துவப் பணியே முன்னாள் வீரரையும் ஏற்றுக்கொண்டது. இந்தியா இவற்றுக்கு இடைப்பட்ட வழியைத் தேர்ந்தது. முதல் சிகிச்சையை அரசே தரும். பெருஞ்சிகிச்சையைப் பெரும்பாலும் தனியாரிடமிருந்து விலைக்கு வாங்கும். இதனால் குறைந்த காலத்தில் திட்டம் பரவிற்று. ஆனால் அரசு பணம் தரத் தாமதித்தால் மருத்துவமனை முகம் சுளிக்கும். சுளித்த முகத்தைக் காண்பவர் நோயாளரே. இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் 2015ஆம் ஆண்டு அறிக்கை, மருந்துப் பற்றாக்குறை உள்ளிட்ட குறைகளை எடுத்துரைத்தது.

வாசலுக்கு வெளியே

திட்டத்தின் வாசல் பெரும்பாலும் ஓய்வூதியம் என்னும் திறவுகோலால் திறப்பது. ஓய்வூதியம் பெற, சாதாரணப் படைவீரர் 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். அதற்குமுன் வெளியேறியோர் பலர் வெளியே நின்றனர். 2019 மார்ச்சில் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியோருக்கும், அவசரகாலத்திலும் குறுகிய காலத்துக்கும் நியமனம் பெற்ற அதிகாரிகளுக்கும் இடம் அளிக்கப்பட்டது. அடைத்த கதவு ஆணையொன்றினால் திறக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஆனால் 2022இல் மற்றொரு கேள்வி எழுந்தது. அவ்வாண்டு அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி, பதினேழரை வயது முதல் சேரும் இளைஞர் நான்காண்டு பணியாற்றுவர். அவர்களுள் 25 விழுக்காட்டினர் வரை நிலையான பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர் என்றும், ஏனையோர் ஒரு தொகையோடு வீடு திரும்புவர் என்றும் அறிவிக்கப்பட்டது. பணிக்காலத்தில் அவர்களுக்கு இராணுவ மருத்துவம் உண்டு. பணி முடிந்து திரும்புவோருக்கு ஓய்வூதியம் இல்லை; முன்னாள் படைவீரர் என்னும் தகுதியும் இல்லை; இ.சி.எச்.எஸ். உறுப்புரிமையும் இல்லை. இளம் வயதிலேயே திரும்பும் இவர்களுள் ஒருசாரார் எங்கே வேலை தேடுவர்? ஒரகடம் போன்ற இடங்களில்தான்.

அங்கு வேலையில் இருக்கும்வரை அவர்களுக்குத் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டமாகிய இ.எஸ்.ஐ. உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்து, 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய அத்திட்டம், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோரைக் காக்கிறது. ஊதியத்தில் தொழிலாளி 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துவர். ஆனால் அது வேலையைச் சார்ந்த நிழல். ஒப்பந்தம் முடிந்தால் நிழலும் விரைவில் நகர்ந்துவிடும். ஒரே வாயிலில் காவல் நிற்கும் முதியவருக்கு வாழ்நாள் முழுதும் காப்பு. அவர் அருகே நிற்கும் இளைஞனுக்கு வேலை உள்ளவரை காப்பு. இருவரும் அணிந்திருந்த சீருடை ஒன்றே. ஏறிய பனிமலையும் ஒன்றே.

நம் கடமை

பொதுநிலையினர் திருத்தூதுப் பணி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு ஆழ்ந்த உண்மையொன்றை நமக்குக் கற்பிக்கிறது. நீதியின்படி ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதை அன்பின் கொடையைப்போல் கொடுத்தலாகாது என்பதே அது. மூன்றரை நூற்றாண்டு வரலாற்றை இவ்வொளியில் நோக்கினால், அது கொடையிலிருந்து கடனை நோக்கி நடந்த நெடும்பயணம் எனலாம். மன்னரின் மாளிகை, கிளைவின் நிதி, கொடிநாள் உண்டியல் ஆகிய யாவும் இரக்கத்தின் படிகள். 2003இல் நாடு நீதியின் வாசலை அடைந்தது. நான்காண்டு உழைத்தவனையும் அவ்வாசலுக்குள் அழைப்பதா என்பது இன்று நம் தலைமுறை விடை கூற வேண்டிய வினா.

போரை நாம் போற்றவில்லை. அமைதியே நற்செய்தியின் வழி. ஆயினும் ஒருவனை எல்லைக்கு அனுப்பிவிட்டு அவன் புண்ணை மறப்பவர் அமைதியின் மக்களாக இருக்க இயலாது. நற்செய்தியில் நூற்றுவர் தலைவர் ஒருவர் தமக்காக அன்று, நோயுற்ற தம் பணியாளருக்காகவே ஆண்டவரிடம் மன்றாடினார். அதிகாரம் உடையவர் எதற்காக அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதை அவர் காட்டினார்.

பங்கு மக்களாகிய நாம் செய்யத்தக்கவை அரியவை அல்ல. நம் அன்பியங்களில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் எவை எனக் கண்டறியலாம். கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் பெறும் கைம்பெண்களுக்கும் இம்மருத்துவ உரிமை உண்டு. அதை அறியாது அட்டையைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கும் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லலாம். பிள்ளைகளின் பெயர் பதிவில் உள்ளதா எனப் பார்த்துத் தரலாம். காஞ்சிபுரத்தில் உள்ள நல அலுவலகத்துக்கோ, படப்பை வழியாகத் தாம்பரம் பாலிகிளினிக்குக்கோ முதியவர் ஒருவரை அழைத்துச் செல்ல நம் இளைஞர் ஒரு காலைப் பொழுதைக் கொடுக்கலாம். நான்காண்டு முடித்துத் திரும்பும் தம்பியரின் குரலை, நம் வாக்கு கேட்டு வருவோரின் செவியில் சேர்க்கலாம்.

புனித கமில்லஸ் தம் சபையினருக்குச் சிவப்புச் சிலுவையை அடையாளமாகத் தந்தார். அதை நெஞ்சில் அணிந்து அவர்கள் நோயாளரின் படுக்கைதோறும் சென்றார்கள். நோயாளர் தம்மைத் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. "எங்கே காட்டுவது?" என்று கேட்பவருக்கு வழி சொல்வதோடு நாமும் நின்றுவிடாமல், வாசல்வரை உடன் நடப்போமாக.