நான்கு அடி நிலம்

விக்கெட்டுக்கு முன்னால் நான்கு அடி தள்ளி ஒரு வெள்ளைக் கோடு. அதைத்தான் கிரீஸ் என்கிறோம். வேகப் பந்துக்கு எதிரே மட்டையாளர் எங்கே நிற்பது என்ற வழக்கு முழுவதும் இந்தக் கோட்டை வைத்துத்தான் நடக்கிறது. மலாக்காவின் தெங்கேராவிலும் தோட்டங்களிலும் பந்து என்றால் நம் பிள்ளைகளுக்கு முதலில் நினைவு வருவது காற்பந்துதான். ஆனால் அந்தக் கோடு வந்த வழியில் மலாயாவும் உண்டு, சென்னையும் உண்டு.

தொடக்கத்தில் கோடே இல்லை, குழிதான். இங்கிலாந்தின் பழைய ஆட்டத்தில் இரண்டு குச்சிகளுக்கு நடுவே தரையில் ஒரு பள்ளம் இருக்கும். ஓடி வருபவர் மட்டையை அதில் ஊன்ற வேண்டும். அதற்கு முன் எதிரணிக்காரர் பந்தைப் பள்ளத்தில் போட்டுவிட்டால் ஆள் அவுட். மட்டை வந்து விரல்களை நசுக்கியதால்தான் குழியைக் கைவிட்டார்கள் என்று சொல்வார்கள். 1744ஆம் ஆண்டு விதிகளில் கோடு இடம்பெற்றுவிட்டது, விக்கெட்டிலிருந்து 3 அடி 10 அங்குலத்தில். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது 4 அடியானது. நெடுங்காலம் புல்தரையில் வெட்டிய கீறலாகவே கிடந்த கோட்டுக்குச் சுண்ணாம்பு பூசியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்.

ஆங்கிலேயர் போன இடமெல்லாம் கோடும் போனது. 1884இல் கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் தொடங்கியது. இன்று டத்தாரான் மெர்டேக்கா என்று நாம் அழைக்கும் அதன் திடலில் கிரிக்கெட் ஆடினார்கள். அரசு வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்த யாழ்ப்பாணத் தமிழர்களும் சங்கம் வைத்து ஆடினார்கள். அதே கோலாலம்பூரில் 1909இல் பிறந்த லால் சிங், 1932 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் இந்தியாவின் முதல் டெஸ்டில் களம் இறங்கினார். இந்தியாவின் முகமது நிசாருடைய வேகத்தில் இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரும் போல்டு. ஃபிராங்க் வூல்லியோ ரன் அவுட். அவர் கோட்டுக்குள் வந்து சேருமுன் அவரை வீழ்த்தியது லால் சிங்கின் ஃபீல்டிங்!

இனி நிற்கும் இடத்துக்கு வருவோம். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 40 மீட்டர். கையிலிருந்து புறப்பட்ட பந்து மட்டைக்கு வர ஏறக்குறைய அரை வினாடி. அரை மீட்டர் பின்னால் தள்ளி நின்றால் கூடுதலாகக் கிடைப்பது வினாடியில் எண்பதில் ஒரு பங்கு. பந்து தரையில் பட்டதும் வேகம் குறைவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். கேட்பதற்கு அற்பம். விளிம்பில் பட வேண்டிய பந்தை மட்டையின் நடுவில் வாங்க அது போதும். ஆனால் பின்னால் போகிறவருக்கு இழப்பும் உண்டு: பந்து வளைய அதிக தூரம் கிடைக்கும், எல்பிடபிள்யூ கேட்டால் நடுவர் விரல் தூக்கத் தயங்க மாட்டார், குதிகால் குச்சியில் இடித்தாலும் கதை முடிந்தது.

இதே கோடு மறுமுனையிலும் இருக்கிறது. முன்பெல்லாம் பந்து வீச்சாளரின் பின்னங்காலைப் பார்த்துத்தான் நோ பால் சொன்னார்கள். காலை இழுத்துக்கொண்டே வீசியவர்கள் கோட்டைத் தாண்டி வெகுதூரம் வந்து பந்தை விட்டார்கள். 1960களில் முன்னங்கால் விதி வந்தபிறகுதான், பறிபோன அந்தத் தூரம் மட்டையாளருக்குத் திரும்பக் கிடைத்தது. அவருக்குக் கிடைத்த நியாயங்களில் பெரியது இதுதான் என்பேன்.

நான்கு அடியை எப்படி ஆள்வது என்பதற்கு நான் காட்டும் சான்று சென்னைச் சேப்பாக்கம், 1975 ஜனவரி. எதிரே மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ். ஒரே மாதிரி கையசைவில் இரண்டு வேகத்தில் பவுன்சர் போடுபவர். இந்தியாவின் முதல் இன்னிங்ஸ் 190 ஓட்டங்களில் முடிந்தது. ராபர்ட்ஸுக்கு 64 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். கடைசி ஆள் வெளியேறியபோது மறுமுனையில் குள்ளமான ஜி. ஆர். விஸ்வநாத் 97 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். ஸ்கொயர் கட் அவருடைய அடையாளம். கிரீஸின் ஆழத்துக்குப் பின்னங்காலைக் கொண்டுபோய், பந்து எழும்ப இடம் கொடுத்து வெட்டும் அடி அது. இந்தியா 100 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. சதம் இல்லாத அந்த 97க்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த சதங்கள் மிகச் சில.

எதிர்வழியும் உண்டு. 2008இல் கோலாலம்பூருக்கு அருகே கின்ராரா ஓவலில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை ஏந்திய விராட் கோலி, 2014இல் இங்கிலாந்து போய் ஐந்து டெஸ்டுகளில் 134 ஓட்டங்களே எடுத்தார். 2018இல் மீண்டும் அங்கே போனபோது கோட்டுக்கு வெளியே நின்றார், பந்து வளையுமுன் சந்திக்க. அந்தத் தொடரில் 593 ஓட்டங்கள். வளைவுக்கு முன்னால் போ, வேகத்துக்கும் எழும்பும் பந்துக்கும் பின்னால் போ என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

தோட்டத் திடலில் டென்னிஸ் பந்தில் ஆடும் பிள்ளைகள் குச்சியை நட்டுவிட்டுக் காலடியில் எங்கோ ஒரு கோடு கிழிக்கிறார்கள். பல நேரம் இரண்டடிகூட இருப்பதில்லை. அதில் பழகுபவனுக்குப் பின்னங்கால் ஆட்டம் வரவே வராது. பெரியவர்கள் மட்டை ஒன்றும் ஒன்றரைச் சாணும் வைத்து அளந்தால் ஏறக்குறைய நான்கு அடி வந்துவிடும். அளந்து கிழியுங்கள், தம்பிகளா. அப்புறம் ஒரு பாதம் பின்வாங்கி நின்று, உங்களில் யார் வேகமாக வீசுகிறானோ அவனை ஓர் ஓவர் ஆடிப் பாருங்கள்.