சத்தியமும் சம்பள நாளும்

தோட்டத் தொழிலாளி குடிகாரன். குடிகாரனாகையால் அவன் வறியவன். இப்படியொரு தீர்ப்பு நூறாண்டுகளுக்கு மேலாக மலைநாட்டில் வழங்கி வருகிறது. துரைமார் சொன்னார்கள், பெரிய கங்காணிமார் சொன்னார்கள், பட்டணத்துக் கனவான்கள் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சாராயத்தை மலைக்கு ஏற்றியவர் யார் என்ற சிறு கேள்வியை இவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. பதுளையையும் ஊவாத் தோட்டங்களையும் முன்வைத்து அதைக் கேட்க விரும்புகிறோம். குடியை விட்டு மீள முயல்பவனுக்கு இது வெறும் பழங்கதையாகாது. தன் வீழ்ச்சிக்குத் தானே முழுக் காரணம் என்று நம்பியிருப்பவன், ஒருமுறை தவறியதும் தன்னைப் பாவியென்று கைவிட்டுவிடுகிறான்; ஊரும் அவனைக் கைவிடுகிறது.

கோப்பிக் காலத்தில், சாராயம் விற்கும் உரிமையைப் பிரித்தானிய அரசு பகுதி பகுதியாக ஏலத்தில் விட்டது. அதிக விலை கேட்டவன் குத்தகைக்காரன் ஆனான். கொடுத்த பணத்தை மீட்க வேண்டுமானால் அவன் அதிகம் விற்க வேண்டும். அவன் அதிகம் விற்றால் அடுத்த ஏலத்தில் அரசுக்கு அதிக வருவாய். இச்சங்கிலியின் மறுமுனையில், மாலையில் நனைந்த கம்பளியோடு லயத்துக்குத் திரும்பும் கூலியாள் நின்றான். கரையோரத் தென்னையில் இறங்கிய கள் சாராயமாகி, வண்டியேறி, காடழித்துக் கோப்பி நட்ட மலைச்சரிவு வரை வந்து சேர்ந்தது. பதுளைக்குப் புகைவண்டி 1924இல்தான் வந்தது. தவறணை அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது!

இலங்கை முதலாளி வர்க்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்து குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், அவ்வர்க்கத்தின் தொடக்க மூலதனத்தில் சாராயக் குத்தகைக்கு இருந்த பெரும்பங்கை எடுத்துக்காட்டுகிறது. மொறட்டுவைச் சொய்சா குடும்பம் அதற்குப் பேர்போன சான்று. அக்குடும்பத்துச் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் 1879இல் கொழும்பில் மகப்பேற்று மருத்துவமனை எழுந்தது. அக்கொடையை நாம் பழிக்கவில்லை. எனினும், குத்தகையின் பயன் கொழும்பில் மருத்துவமனையாக நின்றபோது அதன் பாரம் மலையில் யார் தலையில் விழுந்தது என்பதையும் அதே ஏட்டில் எழுதிவைப்பதுதானே நேர்மை?

கூலியாளின் கையில் பணம் தங்கியதா? தமிழகக் கரையிலேயே முன்பணம் என்ற பெயரில் அவன் கழுத்தில் கடன் ஏறியது. கங்காணியின் கணக்கில் அது வளர்ந்தது. கடன் தீர்ந்ததென்று 'துண்டு' எழுதித் தந்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம், விடியுமுன் பிரட்டு, நமுனுகுலை மலையிலிருந்து இறங்கும் குளிர். சேமிக்க வழியில்லாத கூலி, போவதற்கு வேறிடமில்லாத மாலை. இவ்வாழ்வில் ஒருவன் குடித்தது வியப்பன்று. குடியாதவர் பலர் இருந்தனரே, அதுவே வியப்பு.

1904இலும் 1912இலும் இலங்கையெங்கும் மதுவிலக்கு இயக்கம் பொங்கியெழுந்தது. 1912ஆம் ஆண்டுக் கலால் திட்டத்தின்கீழ்ப் புதிய கள்ளுக்கடைகள் திறக்கப்படுவதை எதிர்த்துச் சிங்கள பௌத்த மக்கள் திரண்டனர். எப்.ஆர். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க முதலியோர் முன்னின்றனர். 1915இல் அவர்களுட் பலர் சிறையும் சென்றனர். அது மக்கள் இயக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வேர் கிராமத்து விகாரையில் இருந்தது. தோட்டத்து லயத்தில் இல்லை. தோட்டமோ துரையின் தனிச்சொத்து. அழைப்பின்றி உள்ளே கால்வைத்த வெளியார் மீது அத்துமீறல் வழக்குப் பாயும். தோட்ட எல்லைக்கு அப்பாலுள்ள கடைக்குத் தொழிலாளி போகலாம். அக்கடையை மூடச் சொல்பவர் அவனிடம் வரக்கூடாது!

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார், பதுளைக்கும் வந்தார். கதர் நிதிக்குத் தோட்ட மக்கள் தம் சில்லறைக் காசை அள்ளிக் கொடுத்தனர். குடியை விடுங்கள் என்று அவர் தொழிலாளரை வேண்டினார். அந்த வேண்டுகோளுக்கு மலைநாட்டு மண்ணில் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவன் குடிப்பதில்லை. கதிர்காமத்துக்கு விரதம் பூண்டவன் தொடுவதில்லை. பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வோரும் உண்டு. இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதற்கில்லை. தன்னால் நிறுத்த முடியும் என்பதை ஒருவன் தன் உடம்பிலேயே கண்டறியும் நாள்கள் அவை. ஆனால் காப்பு அவிழ்கிறது, விரதம் முடிகிறது. அடுத்த சம்பள நாளில் பழைய பாதையிலேயே அவன் நடக்கிறான்.

உடம்பின் கதையும் உண்டு. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிந்து பிதற்றுவான். மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிரும் போகலாம். சத்தியத்தைக் காக்க முயன்றவனுக்கு நேரும் இத்துன்பத்தைப் பேயின் சேட்டை என்றெண்ணிப் பூசாரியிடம் ஓடுவதும், ஒரு மிடறு ஊற்றி அடக்குவதும் நடப்பதுண்டு. இது நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே, 1935இல், அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடியால் சீரழிந்த இருவர், ஒரு பங்குவணிகத் தரகரும் ஒரு மருத்துவரும், ஒருவரையொருவர் தாங்கி நின்று ஓர் அமைப்பைத் தொடங்கினர். வாழ்நாள் முழுவதற்கும் சத்தியம் வேண்டாம், இன்றைக்கு மட்டும் குடியாதிரு. நாளைக்கு மறுபடி கூடுவோம் என்பது அவர்கள் முறை. தனியொருவனின் மனவுறுதியை மட்டும் அவர்கள் நம்பியிருக்கவில்லை.

கூடிநிற்கும் ஆற்றல் ஊவாவுக்குப் புதிதா? 1940இல் பதுளை வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தமக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, அதனைக் கலந்தே தோட்டத்தை நடத்தத் துரையை இணங்கவைத்தனர். அது கூலிக்கும் உரிமைக்குமான போராட்டம். குடி அங்கே பேச்சாக இருக்கவில்லை. தொழிற்சங்கங்கள் பின்னரும் குடிப் பிரச்சினையைப் பெரும்பாலும் மேடைப் புத்திமதியாகவே விட்டுவிட்டன என்பது நமது குறை.

அந்த வீட்டில் ஒரு பெண்ணும் இருந்தாள். கொழுந்து பறித்த அவளது கூலியையும் கணவனே பெற்றுக்கொள்ளும் வழக்கத்தை 1980களின் தொடக்கத்தில் ரேச்சல் குரியன் தம் ஆய்வில் பதிவுசெய்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி 1984இல் போராடிப் பெறப்பட்டது. சமமான அந்தக் கூலி அவள் கைக்கே வந்து சேரும் வீட்டில், குடிப்பவனின் சம்பள நாளும் சற்றே மாறுகிறது.

தமிழகத்து மஞ்சக்குடியில் நடந்ததை இங்கு நினைவூட்ட வேண்டும். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளி நகரத்துக்கு வரட்டும் என்று காத்திராமல், அக்கிராமத்துக்கே சென்று சிகிச்சை முகாம் நடத்தியது. ஊரார் இடம் கொடுத்தனர். மருத்துவர் உடம்பைப் பார்த்தனர். மனைவியரையும் அழைத்துப் பேசினர். முகாம் முடிந்தபின்னும் தொடர்ந்து வந்து விசாரித்தனர். மீண்டவன் தன் ஊரிலேயே, தன்னைத் தெரிந்தவர் நடுவிலேயே மீண்டான்.

இலங்கையிலோ வேறொரு வழியும் காண்கிறோம். பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். வேலியிட்டு அடைத்து மீட்கலாம் என்னும் எண்ணத்துக்கு அதைவிட வேறு விடை வேண்டுமா?

தவறணைச் சாராயத்தின் விலை ஏறியவிடத்துக் கசிப்பு அதன் இடத்தைப் பிடிக்கிறது. இளைஞரிடையே புதிய போதைகளும் நுழைகின்றன. கசிப்பைப் பிடிக்கப் பொலிஸார் வருகிறார்கள், பானையை உடைக்கிறார்கள், போகிறார்கள். பானையருகில் இருந்தவன் நடுங்கும் கையோடு லயத்திலேயே இருக்கிறான். பசறையிலோ ஹாலிஎலையிலோ மடுல்சீமையிலோ ஒரு தோட்டம் மஞ்சக்குடியைப் போல் ஒரு முகாமுக்கு இடம் கொடுக்க நினைத்தால், கோயில் மண்டபமோ பிள்ளைக் காப்பகமோ போதும். முதல் வாரத்துக்கு ஒரு மருத்துவர் வேண்டும். அவர் தமிழில் பேச வேண்டும். அதன் பின்னர், மாதந்தோறும் சம்பள நாளன்று மாலை ஐந்து மணிக்கு, ஏற்கெனவே குடியை விட்டவர் நாலுபேர் அந்த மண்டபத்துக்கு வந்து உட்கார வேண்டும்.