கண்டிப் பகுதியில் ஆண்டுக் கடப்பாட்டு நிலுவை அறவிடல்

கண்டி இராச்சியத்தில் ஆண்டுக் கடப்பாடு நிலத்தோடு பிறந்தது. அரசனுக்கோ, நிந்தகம் (அரசன் அளித்த காணி) பெற்ற பிரபுவுக்கோ, தலதா மாளிகை, விகாரை, தேவாலயங்களுக்கோ உரிய காணியில் ஒரு 'பங்கை' உழுதவர், அதற்கு ஈடாக மேளம் அடிப்பார், எண்ணெய் கொடுப்பார், பெரஹராவில் பந்தம் ஏந்துவார். ஊழியத்தைக் கைவிட்டால் காணியையும் விட்டுவிட வேண்டும் என்பதே பழைய வழமை.

தனியார் கடனுக்கு வேறு வழிகள் இருந்தன. 1660 முதல் 1679 வரை அந்த இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் ஒன்றைப் பதிவு செய்கிறார். கடன் கொடுத்தவர் 'நியங்கலா' இலையோடு கடனாளியின் வீட்டுக்கு வந்து, பணம் தராவிட்டால் இதைத் தின்று சாவேன் என்று மிரட்டுவாராம். நாம் கார்த்திகைப்பூ என்று அழைக்கும் செடியே நியங்கலா. நீதிமன்றம் எட்டாத ஊரில் கடன் கொடுத்தவரின் உயிரே பிணையாகியிருக்கிறது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. 1832இல் அரசுக்குரிய கட்டாய ஊழியமான இராஜகாரியம் ஒழிக்கப்பட்டபோதும், கோயில் காணிகளிலும் நிந்தகங்களிலும் ஊழியம் நீடித்தது. யார், என்ன, எவ்வளவு செய்ய வேண்டும் என்பது ஓயாத வழக்காயிற்று. இதைத் தீர்க்க, சேர் ஹெர்குலிஸ் றொபின்சன் ஆளுநராக இருந்த காலத்தில் 1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஊழிய மானியக் கட்டளைச்சட்டம் வந்தது. ஆணையாளர்கள் ஒவ்வொரு பங்குக்கும் உரிய ஊழியத்தையும் அதன் ஆண்டுப் பண மதிப்பையும் பதிந்தனர். விரும்பிய குடியானவர் ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம்.

நிலுவையை அறவிடும் முறையில்தான் இச்சட்டத்தின் தனிச்சிறப்பு உள்ளது. பரம்பரை உரிமையுள்ள 'பரவேணி' குடியானவரை நிலுவைக்காக வெளியேற்ற அது இடம் தரவில்லை. முதலில் காணியின் விளைச்சலைக் கைப்பற்றி விற்க வேண்டும். அது இல்லையெனில் அவரது அசையும் பொருட்களை. இரண்டும் இல்லாதபோதே பங்கை விற்கலாம். அப்போதும் வாங்குபவர் அதே கடப்பாட்டைச் சுமப்பார். ஊழிய நிலுவையை ஓராண்டுக்கும், பண நிலுவையை இரண்டாண்டுக்கும் மேல் கோர முடியாது. பத்தாண்டுகள் ஊழியமோ பணமோ கொடுபடாமலும் வழக்குத் தொடரப்படாமலும் போனால் உரிமையே அற்றுப்போகும். 'மாறுவேன' எனப்பட்ட, உரிமையாளர் விருப்பப்படி இருந்த குடிகளுக்கு இந்தக் காப்பு கிடைக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால், இங்கிலாந்தில் ஆண்டுத் தொகைக்கெனத் தனி நீதிப்பேராணை இடைக்காலத்திலேயே இருந்தது. அங்கே 1881இன் சட்டப்படி, நிலத்தின் மேலான ஆண்டுக் கட்டணம் 21 நாள் தவறினால் பொருட்களைக் கைப்பற்ற முடிந்தது. 40 நாள் தவறினால் நிலத்துள் புகுந்து வருமானத்தை எடுக்க முடிந்தது. பயிரிலிருந்து தொடங்கும் கண்டியின் படிமுறை இதைவிட உழவர் பக்கம் சாய்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அரசு தன் சொந்த நிலுவைக்கு அத்தகைய பொறுமை காட்டவில்லை. 1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க தானிய வரிக் கட்டளைச்சட்டத்தின் கீழ், நெல்வரியைப் பணமாகக் கட்டத் தவறியோரின் வயல்கள் ஏலத்தில் போயின. கோப்பி அழிந்து, மலைநாட்டில் கைக்காசு வற்றிய 1880கள் அவை. கண்டிக்குத் தென்கிழக்கே வலப்பனையில் பல குடும்பங்கள் சிறு தொகைக்காக வயலை இழந்தன. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியர், அந்த விற்பனைகளின் விளைவாகப் பட்டினியும் சாவும் நேர்ந்ததாக எழுதியபோது பெரும் சர்ச்சை மூண்டது. ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், 1892இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது. விற்கப்பட்ட வயல்களில் பசித்தவர்களுக்கு அது மிகத் தாமதம்.

தனியார் நிந்தகங்களின் ஊழியத்தை 1968ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க நிந்தகக் காணிகள் சட்டம் நீக்கியது. விகாரை, தேவாலயக் காணிகளை அது தொடவில்லை.