குறட்டின் பூர்வோத்தரம்

அரசர்களின் வாளுக்குச் சரித்திரம் உண்டு. யார் வடித்தது, யார் ஏந்தியது, எந்தப் போரில் முனை மழுங்கியது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வாள் இப்போது ஏதாவது ஒரு பொருட்காட்சிசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்து உறங்குகிறது. அதனால் இன்று யாருக்கும் உபகாரமும் இல்லை, அபகாரமும் இல்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு விளக்கு அணைந்து போனால் ஓடி வருகிறாரே எலெக்ட்ரீஷியன், அவருடைய பையில் கிடக்கும் குறட்டுக்குச் சரித்திரம் உண்டா? ‘கட்டிங் பிளேயர்’ என்று அவர் சொல்லும் அந்தச் சாமானுக்கும் குலம் கோத்திரம் உண்டு என்றும், அது சேலம் ஜில்லாவையும் லண்டன் பட்டணத்தையும் தொட்டுக்கொண்டு வருகிறது என்றும் சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். சிரித்துவிட்டு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த விசாரத்தில் நான் இறங்கியதற்கு நான் குடியிருக்கும் ஊரே காரணம். அண்ணனூர், சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் ஆவடிக்கு முந்தின ஸ்டேஷன். ஸ்டேஷனை ஒட்டியே மின்சார ரயில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பெரிய ஷெட் இருக்கிறது. 1979-ல் சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரையில் இந்தப் பாதையை மின்சாரமயமாக்கினார்கள். அது முதல் எங்கள் தலைக்கு மேலே 25,000 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. கிழக்கே 1960-களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. மேற்கே விஜயந்தா டாங்கியை 1965-ல் உருட்டி வெளியே விட்ட ஆவடித் தொழிற்சாலை. ஆகவே எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பிட்டர், டர்னர் அல்லது எலெக்ட்ரீஷியன் இருக்கிறார் என்று சொன்னால் அது மிகைதான். ஆனால் கொஞ்சம் மிகை, அவ்வளவே.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஷெட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அவருடைய தங்கை மகன் ஐ.டி.ஐ. படிப்பை முடித்துவிட்டு ஒரு காண்டிராக்டரிடம் வேலைக்குச் சேரப் போகிறான். காண்டிராக்டர் சம்பளம் கொடுப்பார். கருவி கொடுக்க மாட்டார். அதைப் பையன்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காக மாமனும் மருமகனும் பாரிமுனைக்குப் பக்கத்தில் உள்ள லிங்கிச் செட்டித் தெருவுக்குப் புறப்பட்டபோது நானும் ஒட்டிக்கொண்டேன். கதை எழுதுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வியாதி.

பையன் கடைக்குள் நுழைந்ததும், சிவப்புக் கைப்பிடி போட்டுக் கண்ணைப் பறித்த ஒரு குறட்டை எடுத்துக்கொண்டான். விலை பாதிக்குப் பாதி குறைவு.

“எவ்வளவு பளபளன்னு இருக்கு பாருங்க மாமா!”

“பளபளப்பு முலாம்டா. எஃகு உள்ளே இருக்குது” என்றார் பெரியவர்.

பிறகு அவர் செய்த பரீட்சைகளை, பெண் பார்க்கப் போன வீட்டில்கூட நான் கண்டதில்லை. குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். வெட்டும் வாயின் இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. “இது தடிக் கம்பியை நசுக்கும், மெல்லிசு இழையை விட்டுடும்” என்று ஒதுக்கிவிட்டார். இன்னொன்றை எடுத்துத் திறந்து மூடினார். நடுவில் உள்ள ஆணி தளர்ந்திருந்தால் வாய் பக்கவாட்டில் ஆடும். இறுகியிருந்தால் நாள் முழுவதும் திறந்து மூடும் கைக்கு வலி. மூன்றாவதில், ஒரு செம்பு இழையை விளிம்பின் அடியில் வைத்தும் நுனியில் வைத்தும் வெட்டிப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவர். அதன் நுனி இரண்டு பக்கமும் சமமாகத் தேய்க்கப்பட்டு, திருகாணியின் பள்ளத்தில் ஆடாமல் உட்கார வேண்டுமாம். ஆடினால் பள்ளம் சிதையும். நழுவினால் நுனி போய்ப் பாய்கிற இடம் உள்ளங்கை, அல்லது உயிருள்ள கம்பி.

இவ்வளவும் பார்த்துவிட்டு அவர் சொன்ன வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது.

“வாயில இருக்கிற இடுக்கு நம்ம கண்ணுக்குத் தெரியுது சார். எஃகோட குணம் தெரியாது. அதுக்கு எவன் பேரையாவது நம்பித்தான் ஆகணும்.”

உண்மைதானே? ஒரே குறட்டில் மூன்று குணங்கள் இருக்க வேண்டும். வெட்டும் விளிம்பு கெட்டியாக இருக்க வேண்டும். நடுமூட்டு அடி தாங்க வேண்டும். கைப்பிடி சிறிது வளைந்து கொடுத்து நிமிர வேண்டும். பழுக்கக் காய்ச்சிச் சடக்கென்று குளிர வைத்தால் எஃகு கெட்டிப்படும். ஆனால் கண்ணாடி போல் உடையும். மறுபடி இளஞ்சூடு காட்டினால் அந்த முரட்டுத்தனம் தணியும். மெருகிட்ட எஃகின்மேல் இளமஞ்சள் நிறம் ஓடும்போது நிறுத்தினால் வெட்டுவதற்கு ஆகும். நீலம் படரும் வரையில் விட்டால் வில் போல் துள்ளும். இதில் தப்பு நேர்ந்தால், ஒன்று விளிம்பு பள்ளம் விழும், அல்லது சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். கடையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒரு காலத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. கொல்லன் பக்கத்துத் தெருவில் இருந்தான். அரிவாள் பல் விழுந்தால் அவன் உலைக்களத்தின் வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். முத்திரைக்கு அவசியமே இல்லை; அவன் முகமே முத்திரை. அந்தக் கொல்லர்களும் சாமானியர்கள் அல்ல. சேலம் ஜில்லாவிலும் கொங்கு நாட்டிலும் இரும்புத் துண்டை ஆவாரங்குச்சியோடு மண் மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் பூசி, துருத்தி ஊதி உருக்கினார்கள். மூசைக்குள் உறைந்து கிடைத்த கட்டிதான் உலகப் புகழ் பெற்ற எஃகு. ‘உக்கு’, ‘உருக்கு’ என்ற நம் பக்கத்துச் சொல்லே வெள்ளைக்காரர் வாயில் ‘வூட்ஸ்’ ஆயிற்று என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

அந்த எஃகு கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று. அங்கே ஸ்டோடார்ட் என்ற ஒருவர் வைத்திய ஆயுதங்களும் சவரக் கத்திகளும் செய்து விற்றுக்கொண்டிருந்தார். தம் சாமான்கள் இந்திய எஃகினால் ஆனவை என்பதையே அவர் விளம்பரமாகப் போட்டுக்கொண்டார். அதன் ரகசியத்தை அறிய அவரோடு சேர்ந்து உழைத்தவர் ஓர் இளம் விஞ்ஞானி. கொல்லர் ஒருவரின் மகன். 1819-ல் வூட்ஸ் எஃகைப் பகுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் அப்போது சொன்ன காரணம் சரியல்ல என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் 1831-ல் அதே மனிதர் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாம் என்று கண்டுபிடித்தார். அவர்தான் மைக்கேல் பாரடே. எலெக்ட்ரீஷியன் என்ற ஜாதி உலகத்தில் தோன்றுவதற்குக் காரணமாக இருந்தவர், அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் நம் ஊர் எஃகைக் கையில் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இல்லையா?

நம் எஃகைப் பார்த்து மோகங்கொண்ட இன்னொருவர் ஜோஸையா மார்ஷல் ஹீத். சென்னையில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். சேலத்து இரும்பைக் கண்டு உத்தியோகத்தை உதறிவிட்டு, 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். லாபம் வரவில்லை. இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும் மூசையில் மாங்கனீஸும் கரியும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளைச் சிறிது போட்டால் மட்டமான இரும்பும் நல்ல எஃகாகும் என்று கண்டு, 1839-ல் காப்புரிமை வாங்கினார். கத்திக்கும் கருவிக்கும் பேர்போன ஷெபீல்டு நகரத்து ஆலைக்காரர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். பணம் கேட்டபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? “நீர் சொன்ன கூட்டுப்பொருளையா போட்டோம்? மாங்கனீஸைத் தனியாகவும் கரிச்சத்தைத் தனியாகவும் அல்லவா போட்டோம்!” என்று வாதாடினார்கள். இரண்டும் மூசைக்குள் போய்ச் சேர்ந்துகொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியாததா? ஹீத் வழக்கு மன்றத்திலேயே காலத்தைக் கழித்து, பலனைக் காணாமலே மறைந்தார். ‘ஷெபீல்டு’ என்று குத்தின கருவிகளை நம் பாட்டனார் காலத்தில் பயபக்தியோடு வாங்கினார்களே, அந்தப் பெயருக்குப் பின்னால் இந்தக் கணக்கும் தீராமல் நிற்கிறது.

ஷெபீல்டுக்காரர்களுக்கும் ஒரு நாள் அதே அனுபவம் வாய்த்தது. ஜெர்மனியில் செய்த மலிவுக் கத்திகள் ஷெபீல்டின் பெயரைத் தாங்கிச் சந்தைக்கு வந்தன. கூக்குரல் எழுந்தது. 1887-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டு, அன்னிய நாட்டுச் சரக்கு தன் பிறப்பிடத்தை மறைக்கக் கூடாது என்றது. ‘ஜெர்மனியில் செய்தது’ என்ற வாசகம் ஒரு சூடு போல வைக்கப்பட்டது. ஜெர்மானியர்களோ சரக்கைச் சீர்படுத்தினார்கள். கொஞ்ச காலத்தில் அந்தச் சூடே திலகமாகிவிட்டது. அந்த வாசகத்தைத் தேடி ஜனங்கள் வாங்கத் தொடங்கினார்கள். பெயரைத் திருடலாம், பெயர் பெறுவதற்கு வேலைதான் செய்ய வேண்டும்.

எலெக்ட்ரீஷியன் குறட்டின் கதைக்கு அமெரிக்காவிலும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1857-ல் சிகாகோ நகரில் மத்தியாஸ் கிளைன் என்ற ஜெர்மானியக் கொல்லரிடம் ஒரு தந்திக் கம்பி ஊழியன் வந்தானாம். அவன் குறட்டில் ஒரு பாதி முறிந்திருந்தது. கிளைன் அந்தப் பாதியைப் புதிதாக அடித்து, பழைய பாதியோடு சேர்த்து ஆணி அறைந்து கொடுத்தார். சில காலம் கழித்துப் பழைய பாதியும் முறிந்தது. அவன் திரும்பி வந்தான். மற்றப் பாதியையும் கிளைனே செய்தார். கிளைன் கம்பெனியின் முதல் குறடு அப்படிப் பிறந்தது என்று அந்தக் கம்பெனியார் சொல்லிக்கொள்கிறார்கள். கம்பெனிப் புராணமாகவே இருக்கட்டும். முதல் பாதி முறியாமல் இருந்ததால் அல்லவா அவன் அதே வாசலுக்குத் திரும்பினான்?

நம் தேசத்துக்கு வருவோம். 1947-ல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஏற்பட்டது. அது தரும் முத்திரைக்கு 1952-ல் சட்டம் வந்தது. அந்த நிறுவனம் 1987-ல் வேறு பெயரும் வடிவமும் எடுத்துக்கொண்டாலும், ‘ஐ.எஸ்.ஐ.’ என்ற மூன்று எழுத்து ஜனங்கள் வாயிலிருந்து போகவில்லை. குறட்டுக்கு 3650, ஸ்க்ரூ டிரைவருக்கு 844 என்று தர எண்கள் உண்டு. உலோகம், அளவு, கெட்டித்தன்மை எல்லாம் அவற்றில் வரையறுத்திருக்கிறது. ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவித் தொழிலில் பேர் எடுத்தன. நாசிக்கில் தபாரியா கம்பெனி ஸ்வீடன் தேசத்துத் தொழில்நுட்ப உதவியோடு 1969-ல் உற்பத்தி தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத எஃகின் குணத்துக்கு நம் ஊரிலும் ஜாமீன் சொல்ல ஆள் வந்தாயிற்று. ஆனால் நல்ல பெயர் உள்ள இடத்தில் போலியும் வந்து சேரும் என்பது 1887-லேயே தெரிந்த சமாசாரம். அதனால்தான் பெரியவர் பெயரையும் பார்த்தார், வெளிச்சத்துக்கு எதிரேயும் பிடித்தார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். குறட்டின் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்தால் மின்சாரம் தாக்காது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வழுக்காமல் பிடிப்பதற்காகப் போட்ட உறை வேறு, மின்சாரத்தைத் தடுக்கப் போட்ட உறை வேறு. பின்னதில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அந்தக் கருவியை 10,000 வோல்ட் கொடுத்துச் சோதித்த பிறகே விற்பனைக்கு விட வேண்டும் என்பது சர்வதேச விதி. டெஸ்டரிலும் இதே சூட்சுமம். அதில் விளக்கு எரியும்போது மின்சாரம் பிடித்திருப்பவன் உடம்பு வழியாகத்தான் பூமிக்குப் போகிறது. அதை உணரவே முடியாத அளவுக்குக் குறைப்பது, உள்ளே இருக்கும் பத்து லட்சம் ஓம் அளவுள்ள ஒரு சின்னஞ்சிறு ரெஸிஸ்டர். மலிவுக்காக அதில் கை வைத்தவன் மிச்சம் பிடித்தது காலணா. பணயம் வைத்தது முகம் தெரியாத ஒருவனுடைய பிராணன்.

“ஷெட்டுல மேல போற கம்பிக்கு இந்த உறையெல்லாம் போதுமா மாமா?” என்று பையன் கேட்டான்.

“இருபத்தஞ்சாயிரத்துக்கு முன்னால எந்தக் குறடும் துரும்புடா. அங்கே லைனை நிறுத்தி, கம்பியை பூமியோட இணைச்ச பிறகுதான் மனுஷன் ஏறணும். கருவியை நம்பு, ஆனா அதால ஆகாததை அதுகிட்டக் கேக்காதே.”

கடைசியில் பையன் ஐந்தாறு சாமான் வாங்கப் போன பணத்துக்கு மூன்றுதான் வாங்கினான்: ஒரு குறடு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டெஸ்டர். மற்றவை சம்பளம் வர வர. மாதச் சம்பளக்காரர்களான நாம் ‘விலை அதிகம்’ என்று எலெக்ட்ரீஷியனிடம் பேரம் பேசுகிறோமே, அந்தப் பேரத்தில் அடிபடுவது பெரும்பாலும் அவர் கூலி அல்ல. அவர் வாங்க நினைத்திருந்த நல்ல குறடு.

பெரியவரின் பழைய குறட்டை மருமகனுக்குக் கொடுத்துவிடலாமே என்று நான் கேட்டேன். வேலையில் சேர்ந்த வருஷம் அவர் வாங்கியது அது. அவர் தலையை ஆட்டினார்.

“வெட்டு வாய் தேஞ்சு போச்சு சார். ஆயுத பூஜைக்கு அதுக்குப் பொட்டு வைக்கிறேன், அதோட சரி. நானும் ரிட்டயர், அதுவும் ரிட்டயர்.”