ஜிபிஎஸ் கருவியில் நேரம்

ஜிபிஎஸ் கருவியின் நேரம் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கும்: செயற்கைக்கோள்களின் அணுக் கடிகாரங்களைக் கொண்டு ஏற்பி கணக்கிட்டுப் பெறும் நேரம், அதே கருவி திரையில் காட்டும் நேரம். முன்னது நானோவிநாடிக் கணக்கில் துல்லியமானது. பின்னது சில கருவிகளில் ஒரு விநாடிகூடப் பிந்தும்.

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் சீசியம் அல்லது ருபீடியம் அணுக் கடிகாரங்கள் உள்ளன. சார்பியல் விளைவுகளால் அவை தரையிலுள்ள கடிகாரங்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோவிநாடி வேகமாக ஓடும் என்பதால், ஏவுவதற்கு முன்பே அவற்றின் அதிர்வெண்ணைச் சற்றுக் குறைத்துவிடுகிறார்கள். கையடக்க ஏற்பியில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ் படிகம்தான். ஒரு மைக்ரோவிநாடி பிசகினால் தூரக் கணக்கு 300 மீட்டர் பிசகும் என்பதால், அந்தப் படிகத்தை நம்பி இடத்தைக் கண்டறிய முடியாது. எனவே தன் கடிகாரத்தின் பிழையையும் ஏற்பி தெரியாத ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. இடத்துக்கு மூன்று, நேரத்துக்கு ஒன்று என நான்கு விடைகள் தேவை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டியிருப்பது இதனால்தான். இருப்பிடம் முன்பே துல்லியமாகத் தெரிந்த நிலையான ஏற்பிக்கு நேரத்தைக் கணிக்க ஒரே செயற்கைக்கோள் போதும்.

ஜிபிஎஸ் தன் நேரத்தை 1980 ஜனவரி 6 நள்ளிரவிலிருந்து வாரங்களாகவும் விநாடிகளாகவும் எண்ணுகிறது. உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்படும் லீப் விநாடிகளை அது சேர்த்துக்கொள்வதில்லை. 2017 ஜனவரி 1 முதல் அது பொது நேரத்தைவிட 18 விநாடி முந்தியிருக்கிறது. இந்த வித்தியாசத்தைச் செயற்கைக்கோளே சொல்லிவிடும். ஆனால் பழைய செய்தி வடிவத்தில் விநாடிக்கு 50 பிட் மட்டுமே வருவதால், முழுச் செய்தியும் ஒரு சுற்று வந்து முடிய 12.5 நிமிடம் ஆகும். நினைவகம் வெறுமையான கருவியை இயக்கியதும் நேரம் சில விநாடிகள் தவறாகத் தெரிந்து, பிறகு தானே சரியாவது இதனால்தான்.

வார எண்ணுக்கு அதே செய்தியில் 10 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டது. அதனால் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை சுழியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். அதற்கேற்ப மென்பொருள் எழுதப்படாத கருவிகள் ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் பின்னால் உள்ள தேதியைக் காட்டும். விநாடி மட்டும் சரியாகவே இருக்கும்.

நேரம் கணித்தாயிற்று, அதை வெளியே கொண்டுவருவதுதான் அடுத்த சிக்கல். நேரத்துக்கென்றே செய்யப்பட்ட ஏற்பிகள் விநாடி தொடங்கும் கணத்தில் ஒரு மின்துடிப்பை அனுப்புகின்றன. தொலைபேசி நிலையங்களும் மின் கட்டமைப்புகளும் நேரத்துக்கு நம்புவது இந்தத் துடிப்பைத்தான். நல்ல கருவியில் அதன் பிழை சில பத்து நானோவிநாடிகளே. ஆன்டெனாக் கம்பியில் மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோவிநாடி தாமதம் ஏற்படும் என்பதால், அதையும் கணக்கில் கழித்துவிட வேண்டும். அந்தத் துடிப்பு எந்த விநாடிக்கு உரியது என்று சொல்லும் எழுத்து வரி பிறகே வரும். விநாடிக்கு 4,800 பிட் வேகத்தில் 80 எழுத்துகள் கம்பியைக் கடக்கவே ஆறில் ஒரு விநாடி பிடிக்கும். திரையை எழுதும் வேலை இன்னும் பின்னால் நிற்கிறது. இருப்பிடக் கணக்கு முடிந்த பிறகே செயலி அதைக் கவனிக்கும். ஆகவே கையடக்கக் கருவியின் திரையைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்யலாமே தவிர, அதை அளவீட்டுக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய செயற்கைக்கோளைச் சேவையிலிருந்து நீக்கியபோது, வேறு பல ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொது நேரத்துக்கான திருத்தத்தைச் சுமார் 13 மைக்ரோவிநாடி தவறாக ஒலிபரப்பின. பல நாடுகளில் நேர ஒத்திசைவுக் கருவிகள் எச்சரிக்கை எழுப்பின. அந்தத் திருத்தம் இருப்பிடக் கணக்கில் சேராததால், வழி காட்டுதலில் பிழை ஏற்படவில்லை.

ஏனைய அமைப்புகளில் ரஷ்யாவின் குளோனாஸ் லீப் விநாடியைத் தன் நேரத்தில் சேர்த்துக்கொள்கிறது. ஐரோப்பாவின் கலிலியோ சேர்ப்பதில்லை. இந்தியாவின் நாவிக் அமைப்புக்குக் கடிகாரமே பெரும் சோதனையாயிற்று. 2013இல் ஏவப்பட்ட அதன் முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ருபீடியம் கடிகாரங்களும் பழுதாயின. அவை வெளிநாட்டில் வாங்கப்பட்டவை. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற என்விஎஸ்-01, உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட ருபீடியம் கடிகாரத்தைச் சுமந்து சென்றது.