ஆஸ்கர் ராபர்ட்சன் வழக்கு

வேலை ஒப்பந்தம் முடிந்தவர் வேறு இடத்தில் வேலை தேடிக்கொள்ளலாம். இது எல்லோருக்கும் உள்ள சாதாரண உரிமை. ஆனால் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர்கள் இதைப் பெற நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

கல்லூரி முடித்து வரும் வீரரை எந்த அணி தேர்ந்தெடுக்கிறதோ, என்.பி.ஏ.வில் அவர் அந்த அணியுடன் மட்டுமே பேச முடியும். ஒப்பந்தம் முடிந்தாலும் அதை நீட்டிக்கும் அதிகாரம் அணியிடமே இருந்தது. அணி நினைத்தால் வீரரை வேறு ஊர் அணிக்கு மாற்றலாம். வீரர் நினைத்தால் மாற முடியாது.

1967-ல் ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக் உருவானது. இரண்டு லீக்குகளும் நல்ல வீரர்களை இழுக்கப் போட்டியிட்டதால் சம்பளம் வேகமாக உயர்ந்தது. செலவு கையைக் கடித்ததும் அணி முதலாளிகள் இரண்டையும் இணைக்கப் பேசத் தொடங்கினார்கள். இணைந்துவிட்டால் வீரர்களுக்கு இருந்த ஒரே மாற்று வழியும் அடைபட்டுவிடும்.

அப்போது வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்தவர் ஆஸ்கர் ராபர்ட்சன். 1961-62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.8 புள்ளிகள், 12.5 ரீபவுண்டுகள், 11.4 அசிஸ்டுகள் எடுத்த மாபெரும் வீரர். 1970 ஏப்ரலில் அவர் பெயரை முதலாவதாகக் கொண்டு 14 வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இந்த விதிகளும் இணைப்பும் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானவை என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் இணைப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.

வெற்றி நிச்சயம் என்று சொல்ல முடியாத காலம் அது. இதே போன்ற விதியை எதிர்த்த பேஸ்பால் வீரர் கர்ட் ஃபிளட் 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப்போனார். ஆனால் பேஸ்பாலுக்கு 1922-லேயே நீதிமன்றம் தந்திருந்த விலக்கு கூடைப்பந்துக்கு இல்லை. 1975-ல் நீதிபதி ராபர்ட் கார்ட்டர் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை ஒழித்த புகழ்பெற்ற பிரவுன் வழக்கில் வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் அவர்.

லீக் இறங்கி வந்தது. 1976-ல் சமரசம் ஏற்பட்டது. சுமார் 500 வீரர்களுக்கு மொத்தம் 43 லட்சம் டாலர் தர லீக் ஒப்புக்கொண்டது. பங்கிட்டால் ஆளுக்குச் சராசரியாக 8,600 டாலர்தான். ஆனால் பணத்தைவிட விதிமாற்றமே பெரிது. ஒப்பந்தத்தை அணியே நீட்டிக்கும் விதி ஒழிந்தது. பதிலுக்கு வீரர்கள் இணைப்புக்கு வழிவிட்டார்கள். அதே ஆண்டு ஏ.பி.ஏ.வின் நான்கு அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தன. எதைத் தடுக்க வழக்குப் போட்டார்களோ, அதையே விட்டுக்கொடுத்துத்தான் உரிமையைப் பெற்றார்கள்.

அந்த உரிமையும் ஒரே நாளில் முழுதாக வரவில்லை. முதலில், வீரரை இழக்கும் அணிக்குப் புதிய அணி ஈடு தர வேண்டியிருந்தது. பிறகு, வேறு அணி சொல்லும் அதே சம்பளத்தைத் தந்து வீரரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை பழைய அணிக்குக் கிடைத்தது. 1988-ல்தான், எந்த நிபந்தனையும் இல்லாத முதல் வீரராக டாம் சேம்பர்ஸ் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸ் அணிக்கு மாறினார்.

ராபர்ட்சன் 1974-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். தன் பெயரில் அமைந்த விதியைப் பயன்படுத்தி அவர் ஒருநாள்கூட ஆடவில்லை. இன்று அணிகளுடன் பேரம் பேசிக் கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் ஒவ்வொரு என்.பி.ஏ. வீரரும் அவர் வைத்த மரத்தின் நிழலில்தான் நிற்கிறார்.