மணமற்ற சந்தனமும் நாயின் மோப்பமும்

1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வடார்க்காட்டைச் சேர்ந்திருந்த ஜமீன் கார்வேட்டிநகரம். அதன் குன்றுகள், தெற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய செம்மரம் வளரும் நிலப்பரப்பின் தென்விளிம்பில் உள்ளன. இம்மரத்தின் பெயர்களில் நெடுங்காலமாக ஒரு பிழை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடமொழியில் இரத்தசந்தனம், தெலுங்கில் எர்ரசந்தனம், தமிழில் செஞ்சந்தனம். லின்னேயசின் மகன் சூட்டிய லத்தீன் பெயரிலும் ‘சான்டலினஸ்’. சந்தனத்துக்கும் இதற்கும் தாவரவியல் உறவு ஏதுமில்லை. இது அவரைக் குடும்பத்தது, வேங்கையின் நெருங்கிய இனம். சந்தனத்தின் நறுமணமும் இதற்கில்லை. தமிழில் வழங்கும் ‘செம்மரம்’ என்னும் பெயர் மட்டுமே மணத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் நிறத்தோடு நின்றுகொள்கிறது.

வணிகமும் நிறத்தையே விலை பேசியது. ஐரோப்பிய வணிகர் சோழமண்டலக் கரையிலிருந்து இதைச் சாயத்துக்காக ஏற்றிச் சென்றனர். பின்னாளில் சீனத்து அறைகலன்களுக்கும் ஜப்பானிய ஷாமிசென் இசைக்கருவியின் கழுத்துப் பகுதிக்கும் இது தேவைப்பட்டது. 1995இல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இம்மரம் இடம்பெற்றது. அதன் பிறகும் சோதனைச் சாவடியில் அதை அடையாளம் காணக் கண்ணும் கையுமே கருவிகள்: செந்நிற வைரம், நீரில் மூழ்கும் கனம். சரக்குக்கு அடியில் மறைத்துக் கொண்டுசெல்லும்போது இரண்டும் பயனற்றுப் போகின்றன.

மனித மூக்குக்கு மணமற்றது என்பதால் மரத்துக்கே மணமில்லை என்றாகாது. நிறம் தரும் சாந்தலின் காற்றில் ஆவியாவதில்லை. ஆனால் வைரத்தில் டெரோகார்பால் போன்ற செஸ்குவிடெர்பீன்களும் உள்ளன. அவை மெல்ல ஆவியாகின்றன. மணத்தை உணரும் மரபணுக்களில் மனிதருக்குச் செயல்படுபவை ஏறத்தாழ 400, நாய்க்கு அதைப்போல் இருமடங்கு. நாய் மூச்சை விடும்போது காற்று நாசியின் பக்கப் பிளவு வழியே வெளியேறுவதால், முன்னால் உள்ள மணம் கலைவதில்லை. 2008இல் டிராஃபிக் அமைப்பு இந்தியாவில் வனவிலங்குக் குற்றங்களுக்கான மோப்ப நாய்த் திட்டத்தைத் தொடங்கியது. குவாலியர் அருகே தேகன்பூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையத்தில் பல மாதங்கள் பழக்கப்பட்ட நாய்கள் புலித்தோல், தந்தம், கரடிப் பித்தம் முதலியவற்றைக் கண்டறியப் பயின்றன. இத்திட்டத்தின் நாய்கள் கண்டறியும் பொருள்களின் வரிசையில் செம்மரமும் உண்டு. பல நூற்றாண்டுகளாக நிறத்தால் அறியப்பட்ட மரம், மணத்தாலும் அறியப்படும் பொருளானது இப்படித்தான்.

‘மோப்பம்’ இன்று பெரும்பாலும் நாய்க்கே உரிய சொல்லாகிவிட்டது. அன்று அப்படியில்லை. திருக்குறளின் 90ஆம் பாடல் அனிச்ச மலரை முகர்வதற்கு ‘மோ’ என்னும் இதே வேரிலிருந்து வந்த சொல்லையே ஆள்கிறது. மனிதர் கைவிட்ட சொல்லோடு அத்திறனும் நாயிடம் போய்விட்டதோ என்று எண்ணத் தோன்றும். ஆயினும் நாயின் திறனுக்கும் ஓர் எல்லை உண்டு.

2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகக் கூறப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் சிறப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். காட்டுக்குள் கூலிக்குப் போனவர்களின் பின்னால் தரகர், ஏற்றுமதியாளர், வாங்குவோர் என நீண்ட சங்கிலி இருக்கிறது. மோப்பம் மரக்கட்டையையும், கூடிப்போனால் அதைச் சுமந்த கையையும் காட்டித் தரும். கூலி கொடுத்தவர் அந்தக் கட்டையைத் தொட்டிருக்கவே மாட்டார்.